பாவம் எத்தனை கிலோ

அந்த ஊரில் பார்க்க வேண்டியவை ஏராளம். பழைய கோட்டைச் சுவர் ஒன்று அரை ஊரைச் சுற்றி நிற்கிறது. ஆற்றுக்கு இறங்கும் கல் படிகள் நூற்றுக்கு மேல். கொஞ்சம் தள்ளி ஒரு பாழடைந்த அரண்மனை. அதன் சுவர் ஓவியங்களைப் பார்க்கக் கடல் கடந்து வருகிறார்கள். யாத்திரை பஸ்ஸில் வந்த நாற்பத்திரண்டு பேரும் இத்தனையையும் ஜன்னல் வழியாகவே பார்த்து முடித்துவிட்டார்கள். இறங்கிப் பார்க்க நேரமில்லை. தராசு சாமியாரிடம் வரிசை நீண்டுவிடும்.

பாவம் போகும் என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம். போயிற்று என்பதற்கு அத்தாட்சி யார் தருகிறார்கள்? தராசு சாமியார் தந்தார். அவருடைய மண்டபத்தில் இரண்டு பெரிய தராசுகள். சரக்குக் கிடங்குகளில் இருக்குமே, ஏறி நிற்க ஒரு பலகை, தலைக்கு மேலே வட்ட முகம், அதில் ஒரு முள், அந்த மாதிரி. வாசலில் உள்ள தராசில் ஏறினால் எடையை ஓர் அட்டையில் எழுதிக் கொடுப்பார்கள். பிறகு பின்பக்கப் படியில் இறங்கி ஆற்றில் மூன்று முழுக்கு. துணி காய அரை மணி நேரம் வெயிலில் உட்கார வைப்பார்கள். அந்த விஷயத்தில் அவர்கள் நியாயம் தவறுவதில்லை. காய்ந்ததும் இரண்டாவது தராசு. எவ்வளவு குறைந்ததோ அவ்வளவும் பாவம். கிலோவுக்கு இவ்வளவு என்று காணிக்கை.

முதல் நாள் எடை போட்டுவிட்டு வந்ததிலிருந்து விடுதியில் வேறு பேச்சே இல்லை. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவருக்கு நாலரை கிலோ இறங்கியிருந்தது. "முப்பத்தஞ்சு வருஷம் பசங்களை அடிச்சதுதான், வேற என்ன?" என்று அட்டையை எல்லோருக்கும் காட்டினார். மூன்று கிலோ மட்டுமே இறங்கிய ஒருவர் தன்னை யாரோ மட்டம் தட்டிவிட்ட மாதிரி மூலையில் உட்கார்ந்திருந்தார். ஜவுளிக்கடைக்காரருக்கு ஏழு கிலோ. பஸ்ஸிலேயே அவருக்குத்தான் அதிகம். அந்தப் பெருமை காலைக் காப்பி வரைதான் நீடித்தது.

"எனக்குத் தெரிஞ்சு நீங்க பண்ணது ரெண்டு கிலோ இருக்கும்," என்றாள் அவர் மனைவி. "மீதி அஞ்சு கிலோ யாரு, எங்கன்னு சொல்லுங்க."

இந்தக் கூட்டத்தில் பாவத்துக்காக வராத ஒரே ஆள் பார்சல்காரி. தபால் ஆபீஸ் பார்சல் கவுண்டரில் இருபத்திரண்டு வருஷமாக உட்கார்ந்திருப்பதால் தெருவில் அவளுக்கு அந்தப் பெயர். ஒரு மூட்டையைக் கையில் தூக்கிப் பார்த்தே எடை சொல்லிவிடுவாள்; ஐம்பது கிராம் முன்னே பின்னே இருக்கும். அவள் வந்தது அக்காவுக்குத் துணையாக.

அக்காவின் புருஷன் மின்சார மீட்டர் கணக்கெடுப்பவர். எட்டு மாதத்துக்கு முன்னால், ஒரு நாள் காலையில், ஒழுகுகிற குழாயை ஏன் இன்னும் மாற்றவில்லை என்று இரண்டு பேருக்கும் சண்டை. அவர் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது அக்கா ஒரு வார்த்தை சொன்னாள். பதினொரு மணிக்கு ஒரு லாரி அவர்மேல் ஏறிவிட்டது. அன்றிலிருந்து அக்கா பாதிச் சாப்பாட்டுக்கு மேல் சாப்பிட்டதில்லை. ஜாக்கெட்டெல்லாம் தொளதொளவென்று ஆகிவிட்டது. யாராவது ஆறுதல் சொன்னால், "நான்தான் அனுப்பி வச்சேன்" என்பாள். பஸ்ஸில் வரும்போது பயண வழிகாட்டியிடமும் அதையே சொல்லி அழுதாள். அவர் தலையைச் சாய்த்து, குறுக்கே ஒரு வார்த்தை பேசாமல், முழுவதையும் கேட்டுக்கொண்டார். ரொம்ப நல்ல மனுஷன் என்று அக்கா நினைத்தாள்.

முதல் நாள் அக்கா ஏறியபோது வாசல் தராசு ஐம்பத்திரண்டு காட்டியது. முழுகி, காய்ந்து, ஏறினாள். அதே ஐம்பத்திரண்டு. ஒரு கிராம்கூட இறங்கவில்லை. மறுநாளும் போனாள். மறுநாளும் ஐம்பத்திரண்டு. நாற்பத்தொரு பேருக்கு இறங்கிய பாவம் அவள் ஒருத்திக்கு இறங்கவில்லை.

சாமியார் அவளைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். குரல் பாகு மாதிரி இருந்தது.

"கூடவே இருந்தவங்க உயிருக்கு உலை வச்ச பாவம் அம்மா. லேசுல இறங்காது. உலோகத்துல போய் ஒட்டிக்கும். கையில இருக்கற வளையல் யார் போட்டது?"

"அவருதான் சாமி."

"அதான். நாளைக்கு அதைக் கழட்டி இங்கேயே விட்டுட்டு முழுகுங்க. நாளைக்கு விட்டுட்டா இந்த ஜென்மத்துல இறங்காது."

அக்கா சரி என்று தலையாட்டினாள். பார்சல்காரி கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு முதல் நாளே சந்தேகம். துணைக்கு வந்தவள்தானே என்று சும்மா இருக்க விடாமல் அவளையும் தராசில் ஏற்றியிருந்தார்கள். வாசலில் அறுபத்தாறு, உள்ளே அறுபத்து மூன்று. கவுண்டர் தராசு சரியாக இருக்கிறதா என்று பார்க்க அவள் தினமும் காலையில் அதன்மேல் தானே ஏறி நிற்பவள். தான் அறுபத்து மூன்று கிலோ என்பது அவளுக்குத் தன் பெயரைப் போலத் தெரியும். அப்படியானால் பாவம் அவளிடம் இல்லை, வாசல் தராசில் இருக்கிறது.

தராசு என்றால் முதலில் பூஜ்யத்தைப் பார்க்க வேண்டும். அவளுக்கு அது பழக்கம். வாசல் தராசில் பூஜ்யமே தெரியவில்லை. வட்ட முகத்தின் கீழ்ப்பாதியை ஒரு கதம்ப மாலை மூடியிருந்தது. அதைக் கவனித்துக்கொள்ளவே நாற்பது வயதில் ஒரு ஆள், மாலைக்காரன். ஒவ்வொருவரும் ஏறுவதற்கு முன்னால் மாலையின் அடியில் பயபக்தியோடு கையை விட்டு ஒரு முறை சரிசெய்வான். ஆள் ஏறுமுன் வழிகாட்டி அவனைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டுவதையும் இரண்டாம் நாள் பார்த்துவிட்டாள். அக்காவின் முறை வந்தபோது மட்டும் மாலைக்காரன் கை மாலைக்குள் அதிக நேரம் இருந்தது.

"அக்கா, அந்தத் தராசு சரியில்ல," என்றாள் அறைக்கு வந்து.

"உனக்கு மூணு கிலோ இறங்கிடுச்சு. நீ ஏன் பேசமாட்ட?"

"அந்த வளையல் மாமா சீட்டுப் போட்டு வாங்கினது, நினைச்சுப் பாரு."

"அவரே போயிட்டாரு. வளையல் எதுக்குடி?" என்று அக்கா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அக்காவுக்கு எடுத்துச் சொல்லிப் பயனில்லை, காட்டத்தான் வேண்டும் என்று பார்சல்காரி முடிவு செய்தாள்.

மூன்றாம் நாள் காலையில் விடுதிக்கு எதிரே உள்ள மளிகைக் கடைக்குப் போனாள். திரும்பி வரும்போது அவளுடைய ஜிப் வைத்த பை கனத்திருந்தது. அதைத் தோளில் மாட்டிக்கொண்டு வரிசையில் அக்காவுக்கு முன்னால் நின்றாள்.

"சாமி, எங்க வீட்டுக்காரர் வர முடியல," என்றாள். "அவர் பொருளெல்லாம் இந்தப் பையில இருக்கு. இதை வச்சு அவர் பாவத்தை இறக்க முடியுமா?"

"படுத்த படுக்கையா?"

"ஞாயித்துக்கிழமையில மட்டும் சாமி."

சாமியாருக்கு அது காதில் சரியாக விழவில்லை. வேறு எந்தச் சாமியாருக்கும் தோன்றாத புது வியாபாரம் கண்ணெதிரே விரிந்தால் காது எப்படி வேலை செய்யும்? வராதவர்களுடைய பாவத்தையும் இறக்கலாம் என்றால் உலகத்தில் யாரை விடுவது?

"உடுத்தின துணியில உடம்போட பாவம் ஒட்டியிருக்கும். தாராளமா வைங்க," என்றார். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

மாலைக்காரன் மாலையைச் சரிசெய்தான். பை ஏறியது. பதினைந்து கிலோ. ஆற்று நீரைப் பையின் மேல் மூன்று முறை தெளித்தார்கள். உள்ளே கொண்டுபோய் இரண்டாவது தராசில் வைத்தார்கள். பதினொன்று.

"நாலு கிலோ," என்று அறிவித்தார் சாமியார். "நல்ல மனுஷன்தான். ஆனா வாய் கொஞ்சம் ஜாஸ்தி."

பார்சல்காரி பையின் ஜிப்பைத் திறந்து, உள்ளே இருந்ததை ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் அடுக்கினாள். பத்து உப்புப் பாக்கெட். ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை. ஒவ்வொன்றின் மேலும் ஒரு கிலோ என்று அச்சடித்திருந்தது.

"உப்பு பத்து கிலோ. பை ஒரு கிலோ," என்றாள் கவுண்டரில் பேசும் அதே குரலில். "இந்த உப்பு என்ன பாவம் பண்ணுச்சு சாமி?"

சாமியார் லேசுப்பட்டவர் இல்லை. ஒரு நொடியில் சமாளித்துக்கொண்டார். "உப்பு வித்த கடைக்காரன் பாவம் அதுல ஒட்டியிருக்கு," என்றார்.

நாலைந்து தலைகள் அதற்கும் ஆடின. தலை என்று ஒன்று இருந்தால் ஆடத்தானே செய்யும்.

"சரி, இப்ப அதுவும் போயிடுச்சுல்ல?" என்றாள் பார்சல்காரி. "அப்ப வாசல் தராசுல திரும்ப வைப்போம். அங்கேயும் பதினொண்ணு காட்டணும். மாலையை மட்டும் யாரும் தொடக்கூடாது."

தலைமையாசிரியர்தான் முதலில் எழுந்தார். முப்பத்தைந்து வருஷம் கணக்குப் பாடம் நடத்தியவர். பதினைந்தில் பதினொன்று போனால் நாலு என்பது அவரை ஏதோ செய்துவிட்டது. வாசலுக்கு நடந்துபோய் மாலையைக் கழற்றினார். தராசின் மேல் ஒரு தூசிகூட இல்லை. முள் நாலில் நின்றது. யாருமே ஏறாத தராசு நாலு கிலோ பாவத்தைச் சுமந்துகொண்டிருந்தது.

கீழே ஒரு பித்தளைத் திருகு. விரல் பட்டுப் பட்டுத் தங்கம் போல மின்னியது. அவர் அதை மெல்லத் திருகினார். முள் ஐந்துக்குப் போயிற்று. ஆறுக்குப் போயிற்று.

"ஏழு வரைக்கும் போகுதா பாருங்க சார்," என்று கூட்டத்திலிருந்து ஜவுளிக்கடைக்காரர் கேட்டார். போயிற்று. அவர் மூன்று நாளில் முதல் முறையாக மனைவியின் முகத்தை நேராகப் பார்த்தார். அவள், "ரெண்டு கிலோ இருக்கத்தான் இருக்கு," என்றாள்.

தியானத்துக்கு நேரமாகிவிட்டது என்று சாமியார் உள்ளே போனார். பின்கதவைத் திறந்து பார்த்தபோது ஆற்றின் நடுவில் ஒரு படகு தெரிந்தது. அதில் இரண்டு பேர். காவியை முழங்காலுக்கு மேலே தூக்கிச் செருகியிருந்தவர் சாமியார். இன்னொருவர் நம் வழிகாட்டி. மாலைக்காரனுக்குப் படகில் இடமில்லை போலும். "யாருக்கு எவ்வளவு திருகணும்னு வழிகாட்டிதான் கண்ணைக் காட்டுவாரு," என்று அவன் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். "அந்த அம்மாவுக்குப் பூஜ்யத்துல வைன்னு சொன்னாரு. வளையல் கனமா இருக்குன்னாரு."

அக்கா இத்தனையையும் கேட்டுக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தாள். வளையல் இன்னும் கையிலேயே இருந்தது. பார்சல்காரி பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"அப்ப என் பாவத்தை எங்கதான் இறக்கறது?" என்றாள் அக்கா.

"அன்னிக்குக் காலையில மாமாகிட்ட என்ன சொன்ன?"

"'போங்க, திரும்பியே வராதீங்க'ன்னு சொன்னேன்."

"அதுக்கு முன்னாடி சொன்னதே இல்லையா?"

அக்கா யோசித்தாள். "வாரத்துக்கு ரெண்டு தடவை சொல்லுவேன்."

"எத்தனை வருஷமா?"

"இருபத்தாறு வருஷமா."

"அத்தனை தடவையும் சாயங்காலம் வந்தாரா இல்லையா?"

"வந்தாரு. வாழைப்பழம் வாங்கிட்டு வருவாரு."

"உன் வார்த்தைக்கு ஆளைக் கொல்ற சக்தி இருந்தா, கல்யாணமான மொத வாரமே மாமா போயிருக்கணும். அன்னிக்கு லாரிக்கு ப்ரேக் பிடிக்கல அக்கா. அவ்வளவுதான் நடந்தது."

அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியாத ஒரு சத்தம் விரல்களுக்கிடையில் வந்தது. கொஞ்ச நேரம் தோள் குலுங்கிக்கொண்டே இருந்தது. பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பசிக்குதுடி," என்றாள். எட்டு மாதத்தில் அவள் வாயிலிருந்து வராத வார்த்தை அது. பார்சல்காரி அவளைக் கைபிடித்து எழுப்பி, பக்கத்து ஓட்டலுக்குக் கூட்டிப் போனாள். அக்கா இரண்டாம் முறை சோறு வாங்கிச் சாப்பிட்டாள்.

கூட்டத்தில் சிலருக்கு வருத்தம். இவ்வளவு தூரம் வந்து பாவத்தோடேயே திரும்ப வேண்டியிருக்கிறதே என்று. அடுத்த தெருவில் நிழலை அளந்து ஆயுள் சொல்லும் ஒருவர் இருக்கிறாராமே என்று ஒருவர் மெதுவாக விசாரித்தார். மற்றவர்கள் பார்சல்காரியைப் பெரிய மேதாவி என்று புகழ்ந்தார்கள். அவள் செய்தது ஒன்றுதான். முள் எங்கே நிற்கிறது என்று குனிந்து பார்க்க நினைத்தாள். அந்த மண்டபத்தில் குனியத் தெரியாதவர் யாருமில்லை. மூன்று நாளாக நாற்பத்திரண்டு முதுகும் சாமியார் காலடியில் வளைந்துகொண்டுதான் இருந்தன. அடுத்த முறை வளையும்போது, ஐயாமார்களே அம்மாமார்களே, கண்ணை மட்டும் மூடாதீர்கள்.