என் தோள் வலியும் உன் மாமியாரும்

அன்புத் தங்கைக்கு அக்கா எழுதுவது. ஆண்டவன் கருணையால் இங்கே எல்லோரும் சுகம். அங்கே நீயும் உன் வீட்டுக்காரரும், முக்கியமாக உன் மாமியாரும், ஒரு குறையுமில்லாமல் இருக்கப் பிரார்த்திக்கிறேன்.

இரண்டு வாரமாக நான் உன் போனை எடுக்கவில்லை என்று நீ முகத்தைத் தூக்கி வைத்திருப்பதாக உன் அத்தான் சொன்னார். கோபமெல்லாம் இல்லையடி. வலது காதுக்கு மேல் ஒரு வலி வந்து, கண்ணுக்கு ஏறி, பல்லுக்கு இறங்கி, கடைசியில் சாமி கும்பிட இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்க முடியாமல் போய்விட்டது. ஒற்றைக் கையைத் தூக்கினால் டாட்டா காட்டுகிறேன் என்றல்லவா ஆண்டவன் நினைப்பார். கண் டாக்டர் கண்ணாடியை மாற்றினார், பல் டாக்டர் பல்லைப் பிடுங்கப் பார்த்தார், உன் அத்தான் தலையணையை மாற்றினார், அதில் அவருக்குக் கழுத்துப் பிடித்துக்கொண்டது, பிறகு பிசியோதெரபி செய்யும் பெண்ணிடம் போனேன், நான் காதைக் காட்டினால் அவள் தோளை அமுக்குகிறாள், அமுக்கியதும் காதுக்கு மேல் அதே வலி, விளக்குப் போட்ட மாதிரி பளிச்சென்று.

"காது பாவம்மா, அதுக்கு ஒண்ணும் தெரியாது. முடிச்சு தோள்ல இருக்கு. தோளை எதுக்கோ தூக்கியே வச்சிருக்கீங்க. தசை இறுகியே கிடந்தா ரத்தம் சரியா ஓடாது, முடிச்சு விழும். நான் பிசைஞ்சு விட்டாலும் திரும்ப வரும். எதுக்குத் தூக்குறீங்கன்னு கண்டுபிடிங்க" என்றாள்.

நூலகத்திலிருந்து தசைகளைப் பற்றிய தடிப் புத்தகத்தை எடுத்துவந்து, அகராதியை மடியில் வைத்துக்கொண்டு படித்தேன். கண்டுபிடித்துவிட்டேன். நீதான். போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, காய் நறுக்கியபடி தினமும் நீ சொல்லும் உன் மாமியார் புராணத்தைக் கேட்கிறேனே, அதுதான். அந்த அம்மாளை இத்தனை நாளும் என் தோள் சுமந்திருக்கிறது.

"ஸ்பீக்கர்ல போட்டுப் பேசேன்" என்றார் உன் அத்தான்.

"போட்டா உங்களுக்கும் கேக்குமே."

"கேட்டா என்ன?"

"அவ உங்களைப் பத்தியும்தான் சொல்றா."

அத்தோடு பேப்பரைப் பிரித்துக்கொண்டார்.

போனை நிறுத்தினேன், வலி மெல்ல மெல்ல விட்டது. கை தேறும்வரை வீட்டுக் கணக்கையும் அவரே எழுதினார், பாலுக்கும் 'இதர செலவு', சோப்புக்கும் 'இதர செலவு' என்று. இன்று காலை என் இரண்டு கையும் தலைக்கு மேல் போய் ஒன்றையொன்று தொட்டன. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. டாக்டர்கள் தோற்றார்கள், நான் ஜெயித்தேன். ஆகவே இனி நமக்குள் போன் வேண்டாம், கடிதம்தான்.

உனக்கும் உன் வீட்டுக்காரருக்கும் ஆசிகள். மாமியாருக்கு, காரணம் சொல்லாமல், என் வணக்கம்.

உன் அக்கா

பி.கு.: கையெழுத்துப் போட்டதும் காதுக்கு மேல் அதே வலி. உன் அத்தான் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலேயே, "எழுத உக்காந்தா உன் தோள் காதுல போய் ஒட்டிக்குது. கல்யாணமான நாள்லேருந்து பார்க்கிறேன்" என்றார். "அப்புறம் ஏன் சொல்லலை?" என்றேன். "கணக்கு எழுதும்போது பேசக்கூடாதுன்னு நீதானே சொன்னே" என்கிறார். ஆகவே நீ நிரபராதி. கடிதம் கிடைத்ததும் போன் பண்ணு. இரண்டு வாரத்து மாமியாரையும் ஒன்று விடாமல் சொல்ல வேண்டும்.