பெய்தால் என் மழை

தானாக நடக்கிற காரியங்களுக்கெல்லாம் தானே காரணம் என்று மனதார நம்பும் ஓர் இனம் உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். பஸ் நிறுத்தத்தில் பஸ் நின்றால், "நான் கை காட்டினேன், நின்னுது" என்பார்கள். அந்த இனத்தின் தலைப்பிள்ளை எங்கள் குடும்பத்துக்கே வாய்த்தார். என் சின்ன மாமனாரின் மூத்த மகளைக் கட்டியவர்; குடிநீர் வாரியத்தில் திட்ட அதிகாரி. என் கடைசி மகள் பிறந்தபோது, ஆஸ்பத்திரி வராந்தாவில் தான் வந்து நின்ற பிறகுதான் குழந்தை வெளியே வந்தது என்று இன்றைக்கும் சொல்கிறார். பெற்றவள் பல்லைக் கடித்துக்கொள்கிறாள்.

இவர் கையில் மேகத்தைக் கொடுத்தால் என்ன ஆகும்?

அந்தக் கோடையில் ஏரியில் நாற்பது நாள் தண்ணீர்தான் மிச்சம். வாரியக் கூட்டத்தில் குழாய்ப் பிரிவு மேஸ்திரி எழுந்தான். அவன் இவருடைய மனைவியின் தம்பி.

"அத்தான், ஏரியிலேர்ந்து ஊருக்கு வர்ற பெரிய குழாய் பதினேழு எடத்துல ஒழுகுது. பாதித் தண்ணி வழியிலேயே போயிடுது. மொதல்ல அத அடைப்போம்."

"நீ எப்பவும் தரையவே பாக்குற மாப்ள. கொஞ்சம் மேல பாரு."

மேலே மின்விசிறி சுற்றியது. அதற்கும் மேலே, இவர் கணக்கில், மேகம். விமானத்தில் போய் மேகத்துக்குள் உப்புத்தூளைத் தூவினால் மழை இறங்கும் என்று படம் போட்டுக் காட்டினார். மேகம் ஏற்கெனவே கனத்திருந்தால் கொஞ்சம் கூடுதலாகப் பெய்யலாம், வெறும் வானத்தில் ஒன்றும் நடக்காது என்று விமானக் கம்பெனிக்காரரே சொன்னார். அந்த வாக்கியம் மட்டும் கூட்டக் குறிப்பில் ஏறவில்லை. இரண்டில் ஒன்றுக்குத்தான் அனுமதி. விமானம் ஜெயித்தது.

பதினோரு தடவை பறந்தது. பெய்யாத நாளெல்லாம் தப்பு மேகத்தின் மேல்: "அது ஒத்துழைக்கல." பக்கத்து ஊரில் பெய்தால், "காத்து தள்ளிட்டுப் போயிருச்சு, ஆனா மழை நம்மளுதுதான்." தூறலுக்கு ஓர் அறிக்கை, வெயிலுக்கு ஒரு விளக்கம்.

அப்புறம் ஒரு நாள் கொட்டியது பாருங்கள் மழை. ஏரி பாதி நிறைந்தது. சொந்தப் பிள்ளை மேடையேறிப் பரிசு வாங்குவதைப் பார்க்கிற தகப்பன் போல ஜன்னலோரம் நின்றார். வெற்றி அறிக்கை, தேதிக்கு மட்டும் இடம் விட்டு, ஒரு மாதம் முன்பே தட்டச்சாகி மேஜை இழுப்பறைக்குள் இருந்தது. எடுத்துத் தேதி போட்டார்.

"அத்தான், இந்த வாரம் விமானம் கெளம்பவே இல்லையே. டயர் பஞ்சராகி நிக்குது."

"போன வாரம் தூவினது. ஊற வேண்டாமா மாப்ள?"

"உங்க மழை என் வீட்டுக்குள்ள முழங்கால் அளவு நிக்குது அத்தான்."

"அது இயற்கை."

அதே மழையில் மண் இளகி, பதினேழு ஒழுகலும் சேர்ந்து ஒரே உடைப்பாயிற்று. ஏரியில் தண்ணீர், ஊர்க் குழாயில் வெறும் காற்று. இவர் மனைவி இரண்டு காலி வாளிகளோடு வந்து எதிரே நின்றாள்.

"வானத்துலேர்ந்து எறக்கிட்டீங்க. ஏரியிலேர்ந்து நம்ம அடுப்படிக்கு எப்ப வரும்?"

"அது குழாய்ப் பிரிவு வேலை. உன் தம்பியக் கேளு."

தம்பி இடுப்பளவு குழிக்குள் நின்று ஐந்து நாளாக உடைப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். ஆறாம் நாள் இவர் குடை பிடித்துக்கொண்டு குழியோரம் போய் நின்றார். அன்று சாயங்காலம் ஊருக்குத் தண்ணீர் வந்தது.

"நான் போய் நின்னேன், வந்துருச்சு" என்றார் வீட்டில். வாளியை நிரப்பிக்கொண்டிருந்தவள், என் மகளைப் பெற்றவள் போலவே பல்லைக் கடித்தாள்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். போன தடவை மழை வந்தபோது, "துணி காயப்போட்டேன்ல, அதான் வருது" என்று சொன்னது யார்? கொஞ்சம் பார்த்து உரிமை கொண்டாடுங்கள். அந்த மழைக்கும் உங்களுக்கு முன்னமே அவர் அறிக்கையில் தேதி போட்டுவிட்டார்.