ஒரே கோழியை இரண்டு முறை வாங்கியவன்

பார்க்க நாலு பேர் இல்லாவிட்டால் காணிக்கைப் பை பாதிதான் நிரம்பும் என்பது என் அனுபவம். அந்த நாலு பேருக்காகவே கொடுத்து நாசமாய்ப் போனவர்களில் அடியேனும் ஒருவன்.

கல்யாணமாகி மூன்று மாதம். திருத்தணியில் மாமனார் வீட்டில் தற்காலிகமாகத் தங்கியிருந்தோம். ஸ்டேஷன் பக்கம் ஒரு வீடு அமைந்தது. மறுநாள் கொடுக்க வேண்டிய அட்வான்ஸ் பத்தாயிரம் என் சட்டைப் பையில். "பையில கைய வெக்காதீங்க" என்று என் மனைவி எஸ்தர் சொல்லித்தான் அறுப்பின் பண்டிகைக்கு அழைத்துப் போனாள்.

அன்று விளைந்ததையும் வளர்த்ததையும் சர்ச்சுக்குப் படைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் ஏலம். எடுத்ததை வீட்டுக்குக் கொண்டுபோகலாம். பெரிய மனசுக்காரர்கள் மட்டும் மறு ஏலத்துக்குத் திருப்பிக் கொடுப்பார்கள்.

மாமியார் படைத்த கோழி ஏலத்துக்கு வந்தது. எனக்குப் போட்டி அரிசி மண்டிக்காரர். அவர் எதையும் விட்டுக் கொடுத்ததில்லை என்று கேள்வி. நாம் விலையை ஏற்றிவிட்டால் பெயர் நமக்கு, கோழி அவருக்கு. (என்ன மூளை!)

"ஐயாயிரம்!" என்றேன்.

மண்டிக்காரர் கையைக் கட்டிக்கொண்டார். "தம்பி ஆசையா குடுக்குறாரு. நான் எதுக்கு குறுக்கால?"

ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம். கோழி என் மடியில். எல்லாரும் கை தட்டினார்கள். போதாதா? எழுந்து நின்று, "கர்த்தருக்கே திருப்பிக் கொடுக்கிறேன்" என்றேன். ஐயர் கண் கலங்கினார். (நம் ஊரில் ஐயர் என்றால் பாதிரியாரும்தான்.)

மறு ஏலத்தில் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. மண்டிக்காரர் மட்டும், "நூறு" என்றார்.

மாமியார் முகம் சுருங்கிப் போனது. பார்த்துப் பார்த்து வளர்த்த கோழி! போன விலைக்குக் குறைத்துக் கேட்டால் கர்த்தர் என்ன நினைப்பார்? (அவர் ஒன்றும் நினைத்திருக்க மாட்டார், மண்டிக்காரர்தான் நினைப்பார்.)

"ஐயாயிரம்!"

வழியெல்லாம் எஸ்தர் எனக்கு நாலடி முன்னாலேயே நடந்தாள். ஊரே மலையேறிப் போய் மொட்டை போடுகிற இடத்தில், அடிவாரத்திலேயே மொட்டையாகித் திரும்பியவன் நான். வாசலில் நின்று கேட்டாள்.

"ரெண்டு ஐயாயிரம் எவ்ளோங்க?"

"பத்து."

"வூட்டு அட்வான்ஸு?"

கோழிதான் கொக்கரித்தது.

மாமனார் வந்து தோளில் கை போட்டார். "இன்னா மாப்ள, இதுக்குப் போயி மூஞ்சத் தொங்கப் போட்டுகினு! கர்த்தரு ஒரு வாசல அடைச்சா மாமனார் வாசலத் தொறப்பாரு. உள்ள வாங்க."

ஸ்டேஷன் பக்கத்து வீட்டுக்கு வேறு யாரோ குடிவந்தார்கள். நாங்கள் பன்னிரண்டு வருஷமாக உள்ளேதான் இருக்கிறோம். பத்தாயிரம் ரூபாய்க் கோழியை அறுக்க யாருக்கும் மனசு வரவில்லை, வயசாகித்தான் செத்தது.

"மாப்பிள்ளை உங்ககூடவா இருக்காரு?" என்று யாராவது கேட்டால் போதும், மாமியார் அடுப்படியிலிருந்தே குரல் கொடுப்பார்.

"ஆங்! கோழிக்குத் துணையா வந்தாரு. கோழி பூட்ச்சு, அவரு இருக்காரு."