பம்பு அண்ணனின் சைக்கிள் பெரட்டு

சைக்கிள் ஓட்டிப் புகழடைந்தவர்கள் உலகத்தில் நிறையப் பேர். சைக்கிளைத் தள்ளியே புகழடைந்தவர் ஒருவர்தான். அவர் இலங்கை மலைநாட்டுப் பதுளையில், எங்கள் சந்தின் கடைசி வீட்டில் இருந்தார். பெயர் பம்பு அண்ணன். சொந்தப் பெயர் அடையாள அட்டையில் இருந்திருக்கும். கோயிலுக்குப் போனாலும் கல்யாணத்துக்குப் போனாலும் காற்றடிக்கும் பம்பைத் துப்பாக்கி மாதிரித் தோளில் மாட்டிக்கொண்டே போகிறவருக்கு வேறு பெயர் எதற்கு?

தள்ளி என்று சொன்னேனே, அதற்குக் காரணம் உண்டு. எங்கள் ஊரில் சமதரை என்பது கரம் போர்டில் மட்டும்தான் இருக்கிறது. மற்றதெல்லாம் ஏற்றம், இல்லாவிட்டால் இறக்கம். ஏற்றத்தில் இறங்கித் தள்ள வேண்டும். இறக்கத்தில் பிரேக்கையும் குலதெய்வத்தையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். அண்ணன் இதற்கும் வைத்தியம் சொல்வார்.

"ஏத்தத்துல தள்ளுனா காலுக்கு நல்லது தம்பி. எறக்கத்துல பிரேக் பிடிச்சா கைக்கு நல்லது. விழுந்தா மனசுக்கு நல்லது, ஆணவம் கொறையும்."

அவர் நமுனுகுல பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கங்காணியாக இருந்து ஓய்வுபெற்றவர். மனைவி பாக்கியம் அக்கா அதே மலையில் கொழுந்து பறித்தவர். தோட்டத்தில் அண்ணன் கங்காணி, வீட்டில் அக்கா கங்காணி. மலையில் ஏறி இறங்கிய காலத்தில் அக்காவுக்குத் தலைவலிகூட வந்ததில்லையாம். டவுனுக்கு வந்து, கதிரையில் உட்கார்ந்து, டீவியில் நாடகம் பார்க்கத் தொடங்கியதும் சீனி வருத்தம் என்ற நீரிழிவு வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. வலது பாதம் மரத்துப்போனது. பெருவிரலில் வந்த ஒரு புண் மாதக்கணக்கில் ஆறாமல் படுத்தி, ஒருவழியாக ஆறியது. கிளினிக் டொக்டர் எச்சரித்துத்தான் அனுப்பினார்: மருந்து மட்டும் போதாது, உடம்பு அசைய வேண்டும். அந்தப் பாதத்துக்கு அதிக நடையைவிட சைக்கிள் மிதிப்பது இலகு. இப்படியே உட்கார்ந்திருந்து இன்னொரு புண் வந்தால், பாதத்தையே எடுக்க வேண்டி வரலாம்.

மறுநாளே அண்ணன் ஒரு பழைய லேடீஸ் சைக்கிளை வாங்கி வந்து வாசலில் நிறுத்தினார். அக்கா பார்த்த பார்வையில் இரண்டு டயரும் இறங்கியிருக்கும்.

"பேரன் பேத்தி எடுத்த வயசுல சீலைய தூக்கிச் சொருகிக்கிட்டு இதுல ஏறவா? ஊரே சிரிக்கும்."

"சிரிக்கட்டும் புள்ள. கால் போனா ஊரா குடுக்கப் போகுது?"

"ஏங்க, நான் மட்டும் தனியா கோமாளி மாதிரி ஓட்ட மாட்டேன். ஆள விடுங்க."

'தனியா' என்ற அந்த ஒரு சொல்லை அண்ணன் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். ஊரையே ஓட்ட வைத்துவிட்டால் சிரிப்பதற்கு யார் மிஞ்சப் போகிறார்கள்?

நாட்டின் தலைவிதியும் அவருக்கு உதவியது. பெட்ரோல் இல்லாமல் போன காலம் அது. மோட்டார் சைக்கிள்கள் எல்லாம் துணி காயப்போடப் பயன்பட்டன.

முதலில் பிடிபட்டவன் நான். என் போட்டோக் கொப்பிக் கடைக்கு வந்து, என்னைக் கொஞ்ச நேரம் மேலும் கீழும் பார்த்தார்.

"தம்பி, ஒங்க வயிறு ஒங்களுக்கு முந்தியே கடைக்கு வந்துருது போல."

"அண்ணே, எனக்கு வயசு நாப்பத்தஞ்சு..."

"வயச யாருங்க கேட்டா? சைக்கிள் இருக்கா?"

இருந்தது. அதில் ஏறி, மார்க்கட் இறக்கத்தில், பிரேக் என்று நினைத்து மணியை அடித்துக்கொண்டே போய் ஒரு லீக்ஸ் குவியலில் விழுந்தேன். வியாபாரி என்னை எட்டிப்பார்த்து, "எத்தன கிலோங்க போடட்டும்?" என்று கேட்டார். என் எடையைக் கேட்கிறாரா, லீக்ஸைக் கேட்கிறாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆணவம் கணிசமாகக் குறைந்தது.

அடுத்தது இரும்புக்கடை நானா; முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் ஊரில் அப்படித்தான் கூப்பிடுவோம். "அண்ணே, என்ட முழங்கால் சரியில்ல. தொழுகையில குனிஞ்சா எழும்ப ஏலா," என்று தப்பப் பார்த்தார். "அதுக்குத்தான் நானா கூப்பிடுறேன்," என்றார் அண்ணன். மூன்றாவது, எழுபது வயதைத் தாண்டிய ஓய்வுபெற்ற டீச்சர். இரவெல்லாம் தூக்கம் வரவில்லை என்று சொன்ன ஒரே குற்றத்துக்காக மாட்டிக்கொண்டார். பிறகு போன் பார்த்துப் பார்த்துக் கழுத்து வளைந்த ஏ.எல். பரீட்சைக்குப் படிக்கும் மாணவிகள் சிலர்.

மாலை ஐந்து மணிக்கு எங்கள் எல்லாரையும் சந்து முனையில் நிறுத்தி, தோட்டத்தில் காலையில் ஆட்களைக் கூட்டி வேலைக்குப் பிரிப்பார்களே, அதுபோலப் பெரட்டு எடுப்பார். தோட்டத்தில் முழு நாள் வேலைக்குக் கணக்கில் ஒரு பேர், குறைந்தால் அரைப் பேர். இங்கேயும் அதே சட்டம்தான். நடுவழியில் டீக்கடையில் ஒதுங்கினால் அரைப் பேர். நான் மாதக்கணக்கில் அரை மனிதனாகவே வாழ்ந்தேன்.

ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும். நானா தொழுகையில் பிறர் கை பிடிக்காமல் எழுந்தார். டீச்சர் நாடகம் முடிவதற்குள் குறட்டை விட்டார். என் பெல்ட்டில் புதிதாக ஓர் ஓட்டை போட வேண்டி வந்தது, அதுவும் உள்பக்கமாக.

பாக்கியம் அக்கா மட்டும் வாசலில் கதிரை போட்டு எங்களை ரசித்தார். "நானாவ பாருங்க, லொறியில அரிசி மூட்டை போற மாதிரி!" அண்ணன் முகம் வாடும். மறுபடி பெரட்டு எடுப்பார்.

ஒரு நாள் டீச்சர் சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு, கண்ணாடி மூக்கில் ஆட, அக்கா வீட்டைக் கடந்து போனார். யாரும் சிரிக்கவில்லை. அக்காவும் சிரிக்கவில்லை. அடுத்த நாள், நாங்கள் தினமும் சுற்றித் திரும்பும் ஊரோரத் தோட்டத்து மைதானத்தில், எங்களுக்கு முன்னாலேயே அந்த லேடீஸ் சைக்கிளோடு அக்கா வந்து நின்றார்.

அண்ணன் கரியரைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினார்.

"விட்றாதீங்க! ஏங்க, விட்றாதீங்க!"

"நான் எங்க புள்ள பிடிச்சிருக்கேன்? நீதான் என்னைய இழுத்துக்கிட்டு போற!"

சில மாதங்களில் சீனி இறங்கியது. ஒரு காலை, அண்ணன் சந்து முழுக்கக் கத்திக்கொண்டு ஓடிவந்தார். "தம்பி! நானா! பாக்கியத்துக்கு எறும்பு கடிச்சிருச்சு! மரத்துப்போன வலது கால்ல! 'ஆ'ன்னு கத்திட்டா!" மனைவியை எறும்பு கடித்ததற்கு லட்டு கொடுத்த மனிதர் உலகத்தில் அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

பிறகு மண்ணெண்ணெயும் இல்லாமல் போனது.

ஒரு காலை, அக்காவின் அடுப்புக்காக அண்ணன் கேனோடு வரிசையில் நின்றார். அங்கேயும் சும்மா இருக்கவில்லை. "நிக்காதீங்க, குதிகாலத் தூக்கித் தூக்கி வைங்க," என்று முன்னும் பின்னும் வகுப்பெடுத்தாராம். வெயில் ஏறியது. வரிசை நகரவில்லை. நடுப்பகலுக்கு மேல் கேன்மீது சாய்ந்து உட்கார்ந்தார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

செய்தி கேட்டு நானும் நானாவும் ஓடினோம். த்ரீவீலர் ஒன்றிலும் பெட்ரோல் இல்லை. நானாவின் சைக்கிள் கரியரில் அவரை உட்காரவைத்து, நான் ஒரு பக்கமும் நானா ஒரு பக்கமும் தாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரி ஏற்றத்தில் தள்ளினோம். தள்ளுவதற்கு அவரே எங்களைப் பழக்கியிருந்தார். வேகமாகத்தான் தள்ளினோம். போதவில்லை.

செத்த வீட்டில் ஒருவர் என் காதுக்குள் சொல்வதாக நினைத்து ஊருக்கே சொன்னார். "சைக்கிளு சைக்கிளுன்னு குதிச்சாரு. கடைசியில அவரே போயிட்டாரே."

அழுதுகொண்டிருந்த பாக்கியம் அக்கா தலையை நிமிர்த்தினார்.

"ஓடுனப்ப அவருக்கு ஒன்னும் ஆகலைங்க. நிக்க வச்சாங்க, போயிட்டாரு."

காதுக்குள் சொன்னவர் மெல்ல எழுந்து வெளியே போனார்.

காரியங்கள் முடிந்தன. அக்கா மறுபடியும் கதிரையில் உட்கார்ந்துவிட்டார். டீவிகூடப் போடவில்லை. புருஷனைப் பறிகொடுத்தவள் சைக்கிள் ஓட்டினால் ஊர் முன்பைவிட அதிகமாகவே பேசும் என்று அவருக்குத் தெரியும். கிளினிக்கில் சீனி மறுபடி ஏறியிருந்தது. வலது பெருவிரலின் ஓரம் சிவந்திருப்பதாக டீச்சர் என்னிடம் மெல்லச் சொன்னார்.

அன்று மாலை பெரட்டு ஆட்கள் எல்லாரும், யாரும் யாரையும் கூப்பிடாமலே, சைக்கிளோடு அக்கா வாசலில் வந்து நின்றோம். கடைசியில் நானாதான் ஓரடி முன்னால் வந்தார்.

"அக்கா... வாங்களேன்."

"அவரு இல்லாம எனக்கு எதுக்குங்க நானா இந்தக் காலு?"

சைக்கிள்களைப் பிடித்தபடி வரிசையாக அப்படியே நின்றோம். மழை தூறத் தொடங்கியது. யாரும் போகவில்லை. டீச்சரின் கண்ணாடியில் நீர் வழிந்தது. அக்கா எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஐயோ, இப்புடி வரிசையா நிக்காதீங்க. யாரும் நிக்காதீங்க. எனக்குப் பாக்க முடியல."

எழுந்து உள்ளே போனவர், சேலையைச் சொருகிக்கொண்டு சைக்கிளோடு வெளியே வந்தார்.

இப்போது பெட்ரோல் தாராளமாகக் கிடைக்கிறது. மோட்டார் சைக்கிள்களில் துணி காய்வதில்லை. ஆனாலும் மாலையானால் அக்கா முன்னால் போகிறார், தன்னுடைய இரண்டு பாதங்களாலும் மிதித்துக்கொண்டு, மிக மெதுவாக. நான்தான் எல்லாருக்கும் கடைசி. வயிறு விடவில்லை என்று ஊர் சிரிக்கிறது. சிரிக்கட்டும். கடைசியில் வருகிறவன் கண்ணைத் துடைத்துக்கொண்டால் யாருக்கும் தெரியாது.