சாம்பியன் தட்டிப் பார்த்த மேசை

பெரிய மனிதர்களை முதுகுப் பக்கமாக மட்டும் பார்த்துவிட்டு, கூடவே பழகியதாக ஊரெல்லாம் சொல்லக்கூடாது. நான் சொன்னேன். (சொன்னால்தான் சோறு கிடைத்தது.)

எட்டாம் வகுப்போடு ஊரை விட்டுக் கிளம்பியவன், பெங்களூரில், கோலால் பந்தைக் குழியில் தள்ளி ஆடும் ஒரு பில்லியர்ட்ஸ் கிளப்பில், மேசைகளுக்குப் பிரஷ் போட்டுக்கொண்டிருந்தேன். படுக்கையும் மேசைக்கு அடியில்தான். அங்கே ஒருமுறை பெரிய சாம்பியன் ஒருவர் ஆட வந்தார். கூட்டத்துக்குப் பின்னால் நின்ற எனக்குத் தெரிந்தது வழுக்கைத் தலையும் அகன்ற முதுகும்தான். மேசையைச் சுற்றி நடந்தார். புறங்கையால் துணியைத் தடவினார். எந்தப் பந்து எந்தக் குழியில் விழும் என்று முன்பே சொன்னார், விழுந்தது. ஜெயிக்கிற நேரத்தில், தன் சட்டை பந்தில் பட்டுவிட்டதென்று, நடுவரே பார்க்காத தப்பைத் தானே சொல்லித் தோற்றுப்போனார். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. தோற்றவருக்கு எதற்குக் கைதட்டல் என்று குழம்பினாலும், அன்று முதல் எனக்கு அவர்தான் சாமி.

அலைந்து திரிந்து ஜவ்வாது மலைக்கு வந்தபோது, 'சாம்பியனோடு பழகியவன்' என்று சொல்லி, ஜமுனாமரத்தூர் லாட்ஜ் ஒன்றில் பில்லியர்ட்ஸ் மேசையைப் பார்த்துக்கொள்ளும் வேலை வாங்கினேன். ஆடத்தான் ஒருவரும் வரவில்லை. முதலாளி மேசைமேல் புளி காயவைத்தார்.

"இன்னும் கொஞ்ச நாள்தான் பாப்பேன். அப்புறம் மேசையும் கெடயாது, நீயும் கெடயாது."

ஒரு மத்தியானம், முதலாளி வெளியே போயிருந்த சமயம், வழுக்கைத் தலையும் அகன்ற முதுகுமாக ஒருவர் உள்ளே வந்தார். மேசையைச் சுற்றி நடந்தார். புறங்கையால் தடவினார். பிறகு உள்ளங்கையால் படாரென்று அறைந்து, காதை வைத்துக் கேட்டார். நான் கைகூப்பிக்கொண்டு ஓடினேன்.

"ஐயா, நீங்க... சாம்பியன்தானுங்களே?"

"இன்னாபா சொல்ற? நான் போளூருபா."

(என்ன ஒரு அடக்கம்!)

மறுக்க மறுக்கக் கோலைக் கையில் திணித்தேன். அவர் அடித்த அடியில் வெள்ளைப் பந்து ஜன்னல் வழியே பறந்து, அடுப்படியில் சாமைச் சோற்றுப் பானைக்குள் விழுந்தது. சமையல்கார மல்லிகா கரண்டியோடு ஓடி வந்தாள்.

"யோவ், எவன் வேல இது?"

"கத்தாத. சாம்பியன் வேணும்னேதான் தப்பா அடிச்சாரு. அதான் பெருந்தன்மை."

"சாம்பியன்னா குழில இல்ல வுழணும்? சோத்துல வுழுது?"

அவர் சங்கடமாகக் கேட்டார்: "துணிக்கு அடியில இன்னா கல்லுபா?"

இந்த வகை மேசைக்குத் துணியின் அடியில் கற்பலகைதான் இருக்கும். அதன் பெருமையைச் சாம்பியனிடமே சொல்லும் பாக்கியம் யாருக்குக் கிடைக்கும்? "வழவழன்னு இருக்குங்க. தண்ணி ஊத்துனா ஓடாது. வெயில்லயும் சில்லுனு கெடக்கும். இந்த மாதிரி கல்லு மலைக்குக் கீழ எங்கியும் கெடைக்காதுங்க."

அப்போது முதலாளி வந்து சேர்ந்தார். "இன்னா பரோட்டாக்காரரே, கல்லு புடிச்சிருக்கா?"

"வாங்கலாமா வேணாமான்னுதான் வந்தேன். இந்தத் தம்பி சொன்னப்புறம் இன்னா யோசன? வண்டிய எடுத்துனு வர்றேன்."

போளூரில் பரோட்டாக் கடை வைத்திருப்பவர். மாவு அடிக்கக் கல் தேடி வந்திருக்கிறார். அந்தக் கல்லை வண்டியில் ஏற்ற ஒரு முனையைப் பிடித்தவனும் நான்தான். வண்டி போனதும் என் வேலையும் போயிற்று.

மூட்டையோடு நின்ற என்னை மல்லிகா ஏற இறங்கப் பார்த்தாள். "எங்க வூட்ல புளி உலுக்க ஆள் வோணும். வாயத் தொறக்காம மரம் ஏறுவியா?"

ஏறினேன். பிறகு அவளையே கட்டிக்கொண்டேன். இப்போதும் புளி வாங்க வியாபாரி வந்தால், வண்டிச் சத்தம் கேட்டதுமே மகளிடம் சொல்வாள்:

"உங்கப்பன ஆட்டோட காட்டுக்கு ஓட்டுடீ. அது வாயத் தொறந்தா, புளி வாங்க வந்தவன் மரத்தையே வேரோட ஏத்தினு பூடுவான்!"