அப்பா இந்த வாரம் என்ன ஷிப்ட்?

நெய்வேலியில் எந்த நேரத்தில் எந்த வீட்டில் எந்த அப்பா தூங்கிக்கொண்டிருக்கிறார் என்பது இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஒருவர் கடவுள். இன்னொருவர் எங்கள் பள்ளியின் ஷிப்ட் மிஸ். கடவுளுக்காவது அவ்வப்போது சந்தேகம் வரும்.

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. சம்பள நாளில் மட்டும் அது வெளியே வரும். மற்றபடி பிள்ளைகள், பெற்றோர், வாட்ச்மேன், தலைமையாசிரியை உட்பட எல்லோருக்கும் அவர் ஷிப்ட் மிஸ்தான். இரண்டாம் வகுப்பு 'ஏ' பிரிவு அவருடையது. சுவருக்கு இந்தப் பக்கம் 'பி' பிரிவு என்னுடையது. சுவர் என்று மரியாதைக்குச் சொல்கிறேன், அது பாதி உயரத் தடுப்பு. அந்தப் பக்கம் அவர் சொல்லும் கதையில் யானை பிளிறினால் இந்தப் பக்கம் என் கரும்பலகை ஆடும். வீட்டில் அனல்மின் நிலையத்து ஷிப்டுக்குப் போகும் கணவர், பையன், துவைக்காத துணி. பள்ளியில் திருத்தாத நோட்டுகள், முழங்கால் வலி. இதற்கு மேல் தினமும் ஒரு யானை என்றால் மனுஷி என்ன செய்வாள்?

மற்ற வகுப்புகளில் பெயர் கூப்பிட்டால் பிள்ளைகள் "பிரசன்ட் மிஸ்" என்பார்கள். அவர் வகுப்பில் திங்கட்கிழமை காலை அப்படிச் சொன்னால் செல்லாது. "ஃபர்ஸ்ட் மிஸ்", "நைட் மிஸ்", "ஜெனரல் மிஸ்" என்று அப்பாவின் ஷிப்டைச் சொல்லவேண்டும். அதை வைத்துத்தான் அந்த வாரம் யார் வீட்டுக்கு எந்தக் கதைப் புத்தகம் போகும் என்று முடிவாகும்.

காரணம் இல்லாமல் இல்லை. டவுன்ஷிப்பில் அப்பாவுக்கு நைட் ஷிப்ட் என்றால் அந்த வாரம் முழுக்கப் பகலில் வீடு மூச்சு விடாது. குக்கர்கூட யோசித்துத்தான் விசில் அடிக்கும். அந்த வீட்டில் போய் ஒரு பிள்ளை சத்தம் போட்டுக் கதை படித்தால் முதுகில்தான் விழும்.

"அடி வாங்கிக்கிட்டே படிச்ச புத்தகத்த எந்தப் புள்ள மறுபடி தொடும், சொல்லுங்க டீச்சர்?" என்பார் ஷிப்ட் மிஸ். நான் அடுத்த நோட்டைத் திருத்த எடுப்பேன்.

மந்தாரக்குப்பம் காய்கறிக் கடையில் வாங்கிய பிளாஸ்டிக் தக்காளிக் கூடைகள்தான் அவருடைய நூலகம். ஒரு கூடையில் சத்தப் புத்தகங்கள்: புலி, ரயில், இடி, சண்டைக்காரச் சேவல். இன்னொன்றில் கிசுகிசுப் புத்தகங்கள்: நிலா, எறும்பு, திருட்டுப் பூனை. மற்றொன்றில் வாயே திறக்க வேண்டாத, வெறும் படப் புத்தகங்கள். மதியம் போய் ராத்திரி திரும்பும் செகண்ட் ஷிப்ட் வாரத்தில் அப்பாவும் பிள்ளையும் ஒருவரை ஒருவர் பார்க்கவே முடியாது என்பதால் அதற்குத் தனியாக ஒரு வகை வைத்திருந்தார். படத்துக்குள் ஒளிந்திருக்கும் அணில்களைக் கண்டுபிடிக்கும் புத்தகம். பாதியைப் பிள்ளை கண்டுபிடித்துவிட்டுத் தூங்கப் போய்விடும். மீதியை அப்பா டூட்டி முடிந்து வந்து, ஆறிப்போன தோசையைத் தின்றுகொண்டே தேடவேண்டும்.

"எங்க அப்பாவுக்கு ஒரு அணில்கூடக் கிடைக்கல மிஸ்" என்று மறுநாள் புகார் வரும்.

"பாவம்டா, கண்ணு அசந்திருக்கும். இன்னைக்கும் அதையே கொண்டு போ" என்பார்.

கான்ட்ராக்ட் தொழிலாளிகளின் பிள்ளைகள் விஷயத்தில்தான் சிக்கல். அவர்களுக்கு ஷிப்ட் என்று உறுதி கிடையாது, கூப்பிட்டால் போகவேண்டியதுதான். அதனால் அந்தப் பிள்ளைகளுக்குச் சத்தத்தில் ஒன்று, கிசுகிசுவில் ஒன்று என இரண்டு புத்தகம் கொடுத்துவிட்டார். உடனே பர்மனென்ட் பெற்றோர் கிளம்பி வந்தார்கள். "எங்க புள்ளைக்கு ஒண்ணு, கான்ட்ராக்ட் புள்ளைக்கு ரெண்டா? இது என்னங்க நியாயம்?" இந்த ஊரில் பர்மனென்ட்டைவிடக் கான்ட்ராக்டுக்கு ஒன்று அதிகமாகக் கிடைத்தது என் சர்வீஸில் அந்தத் தக்காளிக் கூடையில் மட்டும்தான்.

அவர் புத்தகம் பொறுக்கும் அழகே தனி. ஜூலையில் புத்தகக் கண்காட்சிக்கு அவரோடு போவதைவிடச் சுரங்கத்தில் இறங்கி மண் அள்ளலாம். கடைக்காரர் முன்னால் நின்று ஒவ்வொன்றையும் முழுக்க, குரல் கொடுத்துப் படிப்பார். நான் தள்ளி நின்று, அவர் யாரென்றே தெரியாதவள்போல அப்பளம் தின்பேன். கடைசிப் பக்கத்தில் கட்டம் கட்டி 'நீதி' என்று போட்டிருந்தால் போச்சு.

"ஏங்க, இந்த நீதிய மட்டும் கிழிச்சு எடுத்துட்டுத் தருவீங்களா?"

"அப்படியெல்லாம் தர முடியாதுங்க மேடம்."

"கத கேட்டுட்டுப் புள்ள சிரிச்சிக்கிட்டு இருக்கும்போது நடுவுல வந்து நிக்குதுங்களே, இன்ஸ்பெக்‌ஷன் ஆபீசர் மாதிரி!"

வாங்கிய புத்தகங்களுக்கு ஒத்திகை, மதியம் ஸ்டாஃப் ரூமில். நாங்கள் டிபன் பாக்ஸைத் திறக்கும் நேரம் பார்த்து உறுமுவார். குழம்பு சிந்தி எத்தனையோ புடவைகள் வீணாகியிருக்கின்றன. நிம்மதியாக ஒரு நாள் தயிர்சாதம் சாப்பிடவேண்டும் என்பதைத் தவிர வாழ்க்கையில் வேறு ஆசை இல்லாதவளாக ஆகிப்போனேன். அந்த ஆசை யாழினியின் அப்பாவால் நிறைவேறியது.

யாழினி ஷிப்ட் மிஸ்ஸின் வகுப்பு. அப்பா சுரங்கத்தில் ஆபரேட்டர். அந்தத் திங்கட்கிழமை அவள் "ஃபர்ஸ்ட் மிஸ்" என்றதால், சாயங்காலம் அப்பா விழித்திருப்பார் என்று புலிப் புத்தகம் கிடைத்தது. பக்கத்துக்குப் பக்கம் உறுமல். ஆனால் அப்பாவின் கூட்டாளிக்குக் காடாம்புலியூரில் அக்கா மகள் காதுகுத்து. இருவரும் டூட்டியை மாற்றிக்கொண்டுவிட்டார்கள். நைட் ஷிப்ட் முடித்து வந்த மனிதர் அடித்துப் போட்டாற்போல் தூங்கிக்கொண்டிருந்தபோது, பள்ளி விட்டு வந்த யாழினி, "அப்பாவும் கேட்கட்டும்" என்று கட்டிலோரம் உட்கார்ந்து புலியைத் திறந்திருக்கிறாள்.

மறுநாள் காலை தலைமையாசிரியை அறையில் சிவந்த கண்களோடு யாழினியின் அப்பா நின்றார். பக்கத்து வகுப்புக்காரி என்பதால் என்னையும் கூப்பிட்டிருந்தார்கள்.

"நைட்டு முடிச்சிட்டு வந்து அசந்து தூங்கிகினு இருக்கேங்க. காதாண்ட வந்து உறுமுது. மைன்ஸ்ல வெடி வெச்சிட்டானுங்கன்னு நெனச்சி எழுந்து ஓடறேன், லுங்கிய ஒரு கையில புடிச்சிகினு, ரோட்டு வரைக்கும்! எதிர் வூட்டுக்காரன் இன்னும் சிரிச்சிகினு இருக்கான்ங்க."

மன்னிப்புக் கேட்டிருந்தால் அதோடு முடிந்திருக்கும். ஷிப்ட் மிஸ் இடுப்பில் கைவைத்தார்.

"டூட்டி மாத்திக்கிட்டா மாத்திக்கிட்டேன்னு ஒரு வார்த்த சொல்ல வேணாமா சார்? டைம் ஆபீஸ்ல மட்டும் சொன்னாப் போதுமா?"

"உங்களாண்ட எதுக்கு மிஸ் சொல்லணும்?"

"பின்ன? நான் எப்படிப் புத்தகம் குடுக்கறது?"

யாழினியின் அப்பா தலைமையாசிரியையைப் பார்த்தார். தலைமையாசிரியை சீலிங் ஃபேனைப் பார்த்தார். பிறகு உத்தரவு வந்தது: வீட்டுக்குப் புத்தகம் கொடுக்கும் வேலையே வேண்டாம், கூடைகளைக் காலி செய்து எல்லாவற்றையும் பீரோவில் வைத்துப் பூட்டுங்கள். சாவி என்னிடம் வந்தது. ஷிப்ட் மிஸ் வருவதற்கு முன் நூலகப் பொறுப்பு என்னுடையதுதான். என் காலத்தில் ஒரு புத்தகம் கிழிந்ததில்லை, ஏனென்றால் ஒன்றும் வெளியே போனதில்லை.

அதன் பிறகு ஸ்டாஃப் ரூமில் ஊசி விழுந்தால் கேட்கும். ஷிப்ட் மிஸ் சுவரைப் பார்த்துச் சாப்பிட்டுவிட்டு டப்பாவைக் கழுவப் போய்விடுவார். நான் பல வருடமாகக் கேட்ட வரம் கிடைத்துவிட்டது. ஆனால் தயிர்சாதத்தைப் பாதியிலேயே மூடிவைத்தேன். தடுப்புக்கு அந்தப் பக்கம் திங்கட்கிழமை பெயர் கூப்பிட்டபோது "நைட் மிஸ்", "ஃபர்ஸ்ட் மிஸ்" என்று பிள்ளைகள் பழக்கத்தில் சொன்னார்கள். சொல்லிவிட்டுப் புத்தகத்துக்காகக் காத்திருந்தார்கள். கொடுக்க அவரிடம் ஒன்றுமில்லை. இந்தப் பக்கம் எனக்குக் கணக்குப் போடவே கை வரவில்லை.

அந்த வாரமே யாழினியின் அப்பா மறுபடி வந்தார். ஃபர்ஸ்ட் ஷிப்ட் முடிந்து வந்த கோலம், தலையில் இன்னும் ஹெல்மெட். கையில் அந்தப் புலிப் புத்தகம். இன்னொரு புகார் என்று நினைத்துத் தலைமையாசிரியை என்னையும் ஷிப்ட் மிஸ்ஸையும் கூப்பிட்டனுப்பினார்.

மனிதர் புத்தகத்தை நீட்டினார், ஆனால் விடவில்லை. "பாப்பா இத்தத் தொட மாட்டேங்குதுங்க. நான் முழிச்சிகினு இருந்தாகூட கிசுகிசுன்னுதான் பேசுது. சோறு வேணும்னாகூட காதாண்ட வந்து சொல்லுது. நேத்து நான் ஒருத்தனா உக்காந்து உறுமிக் காட்டினேன். 'சத்தம் போடாதப்பா, அப்பா தூங்கறாரு'ன்னு என்னையே அடக்குது." பிறகு ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, ஷிப்ட் மிஸ்ஸைப் பார்த்து, மேலதிகாரியிடம் சொல்வதுபோலச் சொன்னார்:

"மிஸ், நாளையிலேர்ந்து செகண்ட் மாத்தியிருக்கேன். சனிக்கிழம ஆஃப். சனிக்கிழமைக்கு நல்ல சத்தமா ஒண்ணு குடுங்க."

தலைமையாசிரியை பெருமூச்சு விட்டார். "இது ஸ்கூலா, டைம் ஆபீஸா?" என்று யாரையும் பார்க்காமல் கேட்டுவிட்டு, "டீச்சர், பீரோவத் தொறந்து..." என்று ஆரம்பித்தார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கிற நான், அவர் வாக்கியத்தை முடிப்பதற்குள் பீரோ முன்னால் நின்றேன்.

அந்த வாரத்திலிருந்து ஊரே டூட்டி மாற்றத்தைப் பள்ளிக்குச் சொல்ல ஆரம்பித்தது. புருஷன் என்ன ஷிப்ட் என்று மறந்துபோன மனைவிகள்கூட ஷிப்ட் மிஸ்ஸுக்கு ஃபோன் போட்டுக் கேட்டார்கள். சனிக்கிழமை யாழினி உறுமியது மந்தாரக்குப்பம் வரை கேட்டதாகச் சொல்கிறார்கள். நான் நம்புகிறேன்.

போன வருடம் ஷிப்ட் மிஸ் தன் கணவரின் ஊரான சேத்தியாத்தோப்புப் பக்கம் ஒரு பள்ளிக்குப் போய்விட்டார். "அங்க எல்லாம் நெல்லு போடறவங்க. ஷிப்டே கிடையாதே, என்ன பண்ணப் போறீங்க?" என்று கேட்டேன்.

"ஏன் கிடையாது? மோட்டாருக்கு நைட்டுல கரண்டு வுட்டா, அந்த வாரம் அப்பா பகல்லதான தூங்குவாரு?" என்றார். பயணத்துக்கு முன்பே கரண்ட் நேரத்தை விசாரித்து வைத்திருந்தார்.

கூடைகள் இப்போது என் வகுப்பில். ஞாயிறு சாயங்காலம், நான் காலை நீட்டிக் கொஞ்சம் சாயும் நேரம் பார்த்து, ஃபோன் அடிக்கும். நலம் விசாரிப்பெல்லாம் கிடையாது.

"உங்க வூட்டுக்காரர் இந்த வாரம் என்ன ஷிப்ட்?"

"நைட்."

"அப்போ பையனுக்கு அந்த எறும்பு புத்தகம். ரெண்டு பேரும் ஒரே போர்வைக்குள்ள படிங்க."

போன ஞாயிறு ஃபோன் வரவில்லை. இருட்டும் வரை பார்த்துவிட்டு நானே கூப்பிட்டேன். கேட்க ஒன்றும் இல்லை. "இந்த வாரம் ஃபர்ஸ்ட் ஷிப்ட் மிஸ்" என்றேன். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு புலி உறுமியது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது.