சகலை படகைவிட இரண்டடி நீளம்

கவிழ்த்துப் போட்ட படகுக்கு அடியில் மகுடேஸ்வரன் மல்லாந்து கிடந்தார். வெளியே அமராவதி அணைக்கரை வெயில். உள்ளே இருட்டில், பலகை இடுக்குகளில் எங்கெல்லாம் வெளிச்சம் கசிகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். திருப்பூரில் பனியன் துணியை அவர் அப்படித்தான் சோதிப்பார். ஓட்டை இருந்தால் வெளிச்சம் காட்டிக்கொடுத்துவிடும்.

ஊர்ந்து வெளியே வந்து, சட்டைப்பையிலிருந்த சிவப்பு அம்பு ஸ்டிக்கர்களை ஓட்டைக்கு ஒன்றாக ஒட்டினார். கம்பெனியில் பழுதான பனியனுக்கு ஒட்டுகிற அம்புகள். படகுக்கு அம்மை போட்ட மாதிரி ஆயிற்று.

"இது செகண்ட்ஸ் பீஸுங்க."

"படகுல ஏதுங்க செகண்ட்ஸ்? மெதந்தாப் படகு, முங்குனா வெறகு," என்றார் தரகர் சென்னிமலை. "புடிக்கலைன்னா உட்ருங்க."

விட முடியாது. போன வாரம் மாமனார் வீட்டுக் கிடாவிருந்தில் சகலை ஈஸ்வரமூர்த்தி, "அமராவதி அணையில வாங்குன படகைக் குண்டடத்துத் தோட்டத்துக் குட்டையில உட்டிருக்கேன். ஞாயித்துக்கெழமையானா அதுலதான்," என்றார். உடனே மாமனார் அவர் இலைக்கு இன்னொரு கரண்டி ஈரல் வைக்கச் சொன்னார். மகுடேஸ்வரன் இலைக்கு ரசம்தான் வந்தது. திரும்பும்போது மனைவி பல்லடம் வரை ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த மௌனத்துக்குள் ஒரு படகு போய்க்கொண்டே இருந்தது.

"நீளம் என்னங்க?"

"பன்னெண்டடி."

சகலையின் படகை அவர் கண்ணால் கண்டதில்லை. பத்தடி என்று விருந்தில் சகலை சொன்னது மட்டும் முள்ளாய்த் தைத்திருந்தது. இப்போது அந்த முள் கொஞ்சம் இளகியது.

"எங்கீங்க உடப்போறீங்க?"

"மொதல்ல படகு. தண்ணிய அப்பறம் பாத்துக்கலாம்."

"அப்ப ஸ்டிக்கரைப் பிச்சுப்போடுங்க. எறக்கிப் பாத்துருவோம்."

பிய்த்தார். ஸ்டிக்கரோடு பெயின்ட் வந்தது. பெயின்டோடு மக்கிய மரம் வந்தது. வெளிச்சம் நுழைந்த இடத்தில் இப்போது விரல் நுழைந்தது.

"இருங்க, என்றகிட்ட மருந்து இருக்குது."

மகுடேஸ்வரன் தன் கார் டிக்கியிலிருந்து பனியன் வேஸ்ட் மூட்டையை இழுத்து வந்தார். ஓட்டைகளிலெல்லாம் துணியை ஸ்குரூடிரைவரால் திணித்தார். இருவருமாகப் படகைத் தண்ணீரில் தள்ளினார்கள். அவர் ஏறி, ஜமீன்தார் போல உட்கார்ந்தார். துணி நனைந்தது. நனைந்து உப்பியது. உப்பியது பலகையை நெட்டியது. நடுப்பலகை கழன்று, தன் வழியே நீந்திப் போயிற்று.

மகுடேஸ்வரன் இடுப்பளவு தண்ணீரில் நின்றார். சுற்றிலும் கலர் கலராய்ப் பனியன் துண்டுகள் மிதந்தன.

"பரவால்லீங்க, நீங்க போயிட்டு வாங்க," என்றார் சென்னிமலை. "நாளைக்கு வேறொருத்தர் பாக்க வாறாருங்க."

"ஆரது?"

"அவரும் திருப்பூருதானுங்க. பெரிய கம்பெனி."

"அவருக்குக் குடுக்கப்படாது! இது என்ற படகு!"

நின்ற இடத்திலேயே, ஈர நோட்டுகளை எண்ணாமல் எடுத்து நீட்டினார். பலகை போனால் என்ன, நீளம் இருக்கிறதே! கரையேறியபோது முகத்தில், ஈரல் விழுந்த இலையின் நிறைவு தெரிந்தது.

கரையோர டீக்கடை முத்தாத்தாள் துண்டை நீட்டினாள்.

"வாங்கிட்டீங்களா சாமி? நல்லதாப் போச்சு, குட்டை வத்துனதுல இருந்து குண்டடத்து ஈஸ்வரமூர்த்தியண்ணன் இதைய விக்கறதுக்குன்னு இங்க போட்டிருந்தாரு, போன வாரந்தான் வந்து, 'சகலை காதுல போட்டுட்டேன், இனி தானா வித்துரும்'னு சொல்லிட்டுப் போனாருங்க!"